வடமும் முட்டுக்கட்டையும்

ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஒரு பிக்கப் வண்டியின் முதுகில் சிறு வீடொன்றைப் பொருத்திக்கொண்டு, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். வண்டிக்கு அவர் இட்ட பெயர் ரோசினான்டே. டான் கிஹோட்டே ஏறித் திரிந்த கிழட்டுக் குதிரையின் பெயர். அப்பயணத்தைப் பற்றிய நூல் 1962இல் வெளிவந்தது. அதைப் பற்றி அண்மையில் நண்பர்களிடையே பேச்சு நடந்தபோது, இலக்கிய விவாதங்களுக்கே உரிய முறையில் பேச்சு நூலைவிட்டு விலகி வண்டியைப் பற்றிக்கொண்டது. வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிற மனிதன், தங்கிய இடத்திலிருந்து ஊருக்குள் போய்ப் பால் வாங்கிவர என்ன செய்வான் என்று ஒருவர் கேட்டார். ஸ்டைன்பெக்கின் வண்டி சிறியது. அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிற்காலத்தில் அமெரிக்கர்கள் பேருந்து அளவுக்கு வளர்த்துவிட்ட நடமாடும் வீடுகளுக்கு அது உண்டு. அதற்கு அவர்கள் கண்ட விடை, பின்னால் ஒரு சிறு ஜீப்பைக் கட்டி இழுத்துச் செல்வது.

கேட்டவுடன் நமக்கு நகைப்புக்கு இடமாகத் தோன்றியது. யோசிக்க யோசிக்க நகைப்பு குறைந்தது. மேல்பட்டாம்பாக்கம் வழியாகக் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் போய்வருகிற எவரும் வண்டியை வண்டி இழுத்துப் போகும் காட்சியை அறிவார்கள். அங்கே இழுக்கப்படுவது ஓய்வூதியரின் உல்லாச ஜீப்பன்று, பழுதான ஜீப்பு. இழுப்பது எஃகுக் கம்பியன்று, கயிறு. இந்த வேறுபாட்டில் ஒரு மனிதரின் உயிர் இருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்லவிருப்பது.

முதலில் அமெரிக்கர்களின் முறையைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம். அதில் சுவையான செய்திகள் உள்ளன.

இழுக்கப்படும் வண்டியை டிரெய்லர்மேல் ஏற்றுவதில்லை. முன்சக்கரங்களைத் தூக்கி வைப்பதுமில்லை. நான்கு சக்கரங்களும் தரையில் உருண்டுவர, ஆளில்லாமல், எஞ்சின் அணைந்த நிலையில் அது பின்தொடர்ந்து வரும். இதைத் 'தரையிழுவை' என்று அழைப்போம். வேறு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் தரலாம். இப்படி வரும் சிறு வண்டிக்கு அவர்கள் வழங்கும் செல்லப்பெயர் 'டிங்கி'. பெரிய படகின் பின்னால் கட்டி இழுக்கப்படும் சிறு தோணிக்கு உள்ள பெயர்தான் அது. அச்சொல் வங்காளத்து ஆறுகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கட்டுமரத்தைத் தமிழிலிருந்து கொண்டுபோனவர்கள் தோணியையும் இந்தப் பக்கத்திலிருந்தே கொண்டுபோயிருக்கிறார்கள்.

எல்லா வண்டிகளையும் இப்படி இழுத்துவிட முடியாது. சக்கரம் உருண்டால் அதனோடு இணைந்த தண்டுகளும் சுழலும். கியர்பாக்ஸின் பின்பகுதியும் சுழலும். ஆனால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயை வாரி இறைக்கும் பற்சக்கரங்கள் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் அணைந்த வண்டியை நெடுந்தொலைவு இழுத்தால் பேரிங்குகள் எண்ணெயின்றிக் காய்ந்து, சூடேறி, இறுகிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே எண்ணெய்ப் பம்பையே எஞ்சின்தான் ஓட்டுகிறது. நம் லாரி மெக்கானிக்குகள் இதைப் புத்தகம் படிக்காமலே அறிந்தவர்கள். தொலைவு அதிகமென்றால் அடியில் படுத்து புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுத்தான் இழுப்பார்கள்.

இந்த இடத்தில்தான் பழைய பாணி நான்கு சக்கர உந்து ஜீப்பு உயர்ந்து நிற்கிறது. அதில் கியர்பாக்ஸுக்கு அப்பால் டிரான்ஸ்பர் கேஸ் என்ற இரண்டாவது பெட்டி உண்டு. எஞ்சினின் விசையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிப்பது அதன் வேலை. அதற்கெனத் தனி நெம்புகோல். அதில் ஒரு நியூட்ரல் நிலை. அதைப் போட்டுவிட்டால் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் உறவு அறுந்துவிடும். சேற்றில் இறங்குவதற்காகப் படைக்கப்பட்ட உறுப்பு, ஒன்றும் செய்யாமல் பின்னால் உருண்டுவருவதற்கு இவ்வளவு பொருந்திப்போனதை அதை வடிவமைத்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இவ்வகையில் பெயர்பெற்ற சிறு வண்டிகளில் ஒன்று சுசுகி சாமுராய். நாம் அதைப் பார்த்ததில்லை என்று நினைக்கலாம். அதன் உடன்பிறப்பைப் பார்த்தே வளர்ந்தோம். 1985ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி நிறுவனம் கொண்டுவந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்துவந்த ஜிப்சிதான் அது. அதே குடும்பம், சற்றே நீண்ட உடல். காவல்துறை, வனத்துறை, இராணுவம் என்று அரசின் ஊழியத்தில் நம் சாலைகளில் அது ஓடிக் கழிந்தது. சாமுராயோ ஓய்வுபெற்றவர்களின் பின்னால் அரிசோனாப் பாலைக்கும் ஃபுளோரிடாக் கடற்கரைக்கும் எஞ்சினை அணைத்துக்கொண்டு சொகுசாகப் போய்வந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளின் வாழ்க்கை இப்படிப் பிரிவது கதைகளில் மட்டும் நடப்பதன்று.

இது நிற்க. தரையிழுவையில் நாம் கவனிக்க வேண்டியது சொகுசையன்று, அதற்கு முன் அவர்கள் செய்யும் ஏற்பாட்டை. முக்கோண வடிவில் ஓர் எஃகுக் கம்பி. அதன் இரு கால்களும் ஜீப்பின் சட்டகத்தில் இரண்டு இடங்களில் பூட்டப்படும், முனை முன்வண்டியில் பூட்டப்படும். கம்பி முறிந்தாலும் வண்டி அறுந்து ஓடாதிருக்கக் குறுக்காக இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள். முன்வண்டியின் பிரேக் விளக்கும் திரும்பு விளக்கும் எரியும்போது பின்வண்டியிலும் எரிவதற்கு ஒயர். முன்னால் பிரேக் பிடித்தால் பின்னால் இருக்கும் ஜீப்பிலும் பிரேக் பிடிக்கும்படி ஒரு துணைக் கருவி. ஸ்டீயரிங் பூட்டு திறந்திருக்கும். முன்சக்கரங்கள் கம்பி போகும் வழியில் தாமே திரும்பிக்கொள்ளும். பின்னோக்கி மட்டும் போக முடியாது. போனால் சக்கரங்கள் கோணிக்கொண்டு கம்பியை வளைத்துவிடும். முட்டுச்சந்தில் மாட்டியவர் இறங்கி ஜீப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

இந்த ஏற்பாட்டின் உட்பொருள் ஒன்றுதான். இழுப்பது எளிது, நிறுத்துவதே கடினம். ஒரு ஜீப்பின் எடை ஏறத்தாழ ஒரு டன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது தாங்கியிருக்கும் விசை, 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடிவீட்டு மொட்டைமாடியிலிருந்து, அதைக் கீழே தள்ளினால் மோதும் விசைக்குச் சமம். 80 கிலோமீட்டரில் அந்த உயரம் 12 மீட்டராவதில்லை, 25 மீட்டராகிவிடும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். பாடத்தைச் சாலையில் நினைவு வைத்திருப்பவர்கள்தாம் அரிது.

இனி நம் சாலைக்கு வருவோம்.

கடலூரிலிருந்து பண்ருட்டிக்கு வரும் சாலையில் நெல்லிக்குப்பத்தை அடுத்து மேல்பட்டாம்பாக்கம். வடக்கே சற்றுத் தள்ளித் தென்பெண்ணை. நெல்லிக்குப்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரி கம்பெனியார் தொடங்கிய சர்க்கரை ஆலை இன்றும் கரும்பு கேட்கிறது. அரைவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களின் வரிசை நிற்கும். பண்ருட்டிக்குப் பலாவும் முந்திரியும் போகின்றன. பண்ருட்டியைத் தாண்டித் தெற்கே விக்கிரவாண்டி–தஞ்சை நெடுஞ்சாலையில் போனால் நெய்வேலி. 1957ஆம் ஆண்டு மே மாதம் நேரு தொடங்கிவைத்த அந்தச் சுரங்கம் இப்பகுதிக்குப் புத்தகக் கண்காட்சியை மட்டும் தரவில்லை, ஜீப்பையும் தந்தது. மேல்மண்ணைச் சீவியெறிந்து பழுப்பு நிலக்கரியை எடுக்கும் இடத்தில், மழைக்காலத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே போய்வர முடியும். 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கிய நாள்முதல், அரசு அலுவலகமும் பொதுத்துறையும் ஓட்டித் தேய்த்து ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப்புகளை வாங்கி, பிளந்து, ஒட்டி, மறுபடியும் ஓடவைப்பது இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்குக் கைவந்த கலை. அத்தகைய வண்டி வழியில் நிற்பதும் இயல்பே. நின்றால் கயிறு.

சாலை அகலமானதன்று. தவறை மன்னிக்கும் சாலையுமன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதி உயிர்கள் போனதையும், எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றதையும் இங்குள்ளோர் மறந்திருக்க முடியாது. அதற்கும் கயிறு கட்டி இழுப்பதற்கும் தொடர்பில்லை. ஒரு வண்டி தன் கட்டுப்பாட்டை ஒரு நொடி இழந்தால் ஒதுங்க இடமில்லாத சாலை இது என்பதற்காகவே அதைச் சொல்கிறோம்.

கயிற்றின் இயல்பு என்ன? அது இழுக்கும், தள்ளாது. முன்வண்டி வேகம் குறைத்தால் கயிறு தொய்யும். பின்வண்டி தன் போக்கில் முன்னே ஓடும். முன்வண்டி மறுபடி வேகமெடுத்தால் தொய்ந்த கயிறு வெடுக்கென்று இறுகும். அந்த வெட்டில் கொக்கி பிய்யலாம், முடிச்சு அறலாம். நைலான் கயிறென்றால் இரப்பரைப்போல நீண்டு, அறும்போது சவுக்காகத் திரும்பும். நுனியில் இரும்புக் கொக்கி இருந்தால் அது எறிபடை. காட்டு வழிகளில் ஜீப்பு ஓட்டிப் பழகியவர்கள் இழுக்கும் கயிற்றின் நடுவில் கனத்த கம்பளியையோ சாக்கையோ போட்டுவைப்பது இதனால்தான். அறுந்தால் அதன் எடை கயிற்றைத் தரைக்கு இழுத்துவிடும்.

பின்வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் நிலையைப் பார்ப்போம். எஞ்சின் ஓடவில்லை. ஆகவே பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடப் பூஸ்டர் ஒன்றிரண்டு மிதிகளோடு தீர்ந்துபோகும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியென்றால் அதுவும் கல். பேட்டரி செத்திருந்தால் விளக்கில்லை, ஹாரன் இல்லை. அவருக்கு முன்னால் தெரிவதெல்லாம் முன்வண்டியின் முதுகு, சாலை தெரியாது. பள்ளம் வருவதும் மாடு வருவதும் கயிறு தொய்யும்போதுதான் தெரியும். இந்த நிலையில் கயிற்றை எப்போதும் இறுக்கமாக வைத்திருப்பது அவருடைய பொறுப்பு. இரண்டு வண்டிகளுக்கும் உண்மையான பிரேக் அவர்தாம்.

அந்த இருக்கையில் நாம் யாரை உட்கார வைக்கிறோம்? பட்டறையின் தேர்ந்த கை முன்வண்டியை ஓட்டும். பின்வண்டியில் ஏறுவது பெரும்பாலும் அங்கே வேலை பழகும் பையன். "தம்பி, கயிறு தொய்யாம பாத்துக்க, நான் கை காட்டுனா பிரேக்க மிதி" என்று ஒரு குரல். "சரிண்ணே" என்று மறு குரல். பயிற்சி அவ்வளவுதான். அவனிடம் ஓட்டுநர் உரிமம் உண்டா என்று கேட்பவர் இல்லை. எஞ்சின் ஓடாத வண்டிக்கு எதற்கு உரிமம் என்று சிரிப்பவர்களை நாம் அறிவோம். ஓடுகிற வண்டியை ஓட்டுவதைவிட ஓடாத வண்டியை ஓட்டுவதற்கே அதிகத் திறன் வேண்டும் என்பதை இவர்களுக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது? நம் புனைவுகளில் ஓட்டுநர்கள் வந்திருக்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் வரும் துரைக்கண்ணு லாரி ஓட்டுபவர்தாம். பின்னால் கட்டிய வண்டியில் தனியாக உட்கார்ந்து கயிற்றையே பார்த்துக்கொண்டு வருகிற பையனை நாம் இன்னும் எழுதவில்லை. வரட்டும், எழுதுவோர் எழுதுவார்கள்; அதற்குமுன் அவன் உயிரோடு வீடு சேரவேண்டும்.

மூன்றாவதாக ஒருவர் உண்டு. எதிரிலோ குறுக்கிலோ இருசக்கர வண்டியில் வருபவர். இரண்டு வண்டிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதைப் பார்த்துப் புகுந்துவிடலாம் என்று எண்ணுபவர். இரவில் கயிறு தெரியாது. கழுத்துயரத்திலோ முழங்காலுயரத்திலோ அது இறுகி நிற்கும் கணத்தில் அவர் நடுவே வந்தால் என்னவாகும் என்பதை விவரிக்க நாம் விரும்பவில்லை.

சட்டம் இவை அனைத்தையும் அறிந்தே இருந்தது. 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளில் இழுவைக்கென ஒரு விதி உண்டு. 28 ஆண்டுகள் நடப்பில் இருந்து, 2017இல் புதிய ஒழுங்குமுறைகளுக்கு இடம்கொடுத்தது அது. நம் சாலைப் பழக்கங்கள் வேரூன்றியது பழைய விதியின் காலத்தில் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். பழுதான வண்டியையோ முழுதாகப் பூட்டப்படாத வண்டியையோதான் இழுக்கலாம். நல்ல வண்டியை இழுத்துச் செல்லக் கூடாது. (ஆகவே அமெரிக்க ஓய்வூதியரின் தரையிழுவை இங்கே செல்லாது. நல்லதுதான்.) இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அவ்வண்டியை ஓட்ட உரிமம் பெற்ற ஒருவர் இருக்கவேண்டும், அல்லது அதன் முன்சக்கரங்கள் தரையைவிட்டுத் தூக்கப்பட்டிருக்கவேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. கயிறு பிறர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி செய்யவேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள். பின்னால் வெள்ளைத் தளத்தில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பெழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதியிருக்கவேண்டும்.

நல்ல விதிதான். 24 என்ற விசித்திர எண்ணைப் பார்த்தால் 15 மைல் என்ற பழைய கணக்குக்கு மெட்ரிக் சட்டை மாட்டியதுபோலத் தெரிகிறது, இருக்கட்டும். அந்த வேகத்தில் நாம் மேலே சொன்ன மொட்டைமாடி இரண்டேகால் மீட்டராகத் தாழ்ந்துவிடுகிறது. அது பெரிய நன்மை. ஆனால் விதியின் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. 24 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஆறரை மீட்டருக்கு மேல் போகும். ஐந்து மீட்டர் இடைவெளியைக் கடக்க முக்கால் நொடி போதும். முன்வண்டி திடீரென்று நின்றுவிட்டால், பின்னால் இருப்பவர் கண்டு, உணர்ந்து, காலை எடுத்துப் பிரேக்கில் வைப்பதற்கே ஒரு நொடி ஆகும். கல்லாகிவிட்ட பிரேக்கை அமுக்கி நிறுத்துவது அதற்குப் பிறகு. விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினாலும் கயிறு என்ற கருவியோடு அது கணக்குக்கு ஒத்துவரவில்லை. இடைவெளியைக் கூட்டினால் நடுவே ஆள் புகுவார், குறைத்தால் மோதும். இந்த இக்கட்டிலிருந்து கயிற்றை வைத்துக்கொண்டு வெளியேற வழியில்லை. கம்பி ஒன்றே வழி.

இந்த உண்மை அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகவேண்டிய ஒன்றன்று. தேரிழுத்த நாட்டில் நாம் இருக்கிறோம். தேரைப்போன்ற தரையிழுவை உலகில் வேறில்லை. எஞ்சின் இல்லை, ஸ்டீயரிங் இல்லை, பிரேக் இல்லை. வடம் இழுக்க மட்டுமே செய்யும். நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவரின் வேலை. எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கணத்தில், எந்தச் சாய்வில் கட்டையைச் செருகுவது என்ற நுட்பம் தலைமுறையாகக் கைமாறி வருவது. வடம் பிடிப்பவர்கள் ஆயிரம்பேர், புண்ணியம் அவர்களுக்கு. கட்டை போடுபவர்கள் நாலைந்துபேர். கை காலை இழக்கும் ஆபத்து அவர்களுக்கு. மொழி அவர்களுக்குச் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? நற்செயலைத் தடுப்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். தேர் வீடுகளுக்குள் புகாமல் நிலைக்கு வந்து சேர்வதற்குக் காரணமானவனின் தொழிற்பெயர் நம் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது. வேகத்தை மட்டுமே விரும்புகிற ஒரு சமூகத்தின் சாய்வு இந்த மரபுத்தொடரில் பதிந்திருப்பதாக நாம் கருதுகிறோம்.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தபோது மரபு கெட்டுவிட்டது என்று எவரும் தேரை நிறுத்திவிடவில்லை. பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுவதையும் ஏற்றுக்கொண்டோம். முட்டுக்கட்டையும் உடனிருக்கிறது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள தேருக்குப் பிரேக் வேண்டும் என்று ஒத்துக்கொண்ட நமக்கு, ஒரு டன் ஜீப்பு மட்டும் கயிற்றை நம்பி வருவது உறுத்தவில்லை.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சிறிது தொலைவிலேயே திருவதிகை. முப்புரம் எரித்த கதைக்குரிய தலம். பூமியே தேராகவும், ஞாயிறும் திங்களும் சக்கரங்களாகவும், பிரமன் சாரதியாகவும் அமைந்த அந்தத் தேரே புறப்பட்ட இடத்தில் அச்சு முறிந்து நின்றது என்பது புராணம். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம் என்பார்கள். நம் மரபின் முதல் பிரேக்டவுன் அதுவாக இருக்கக்கூடும். சங்க காலத்து உமணர்கள் இன்னும் நடைமுறை அறிந்தவர்கள். மேடுபள்ளத்தில் உப்பு வண்டி என்னவாகுமோ என்று அஞ்சி, அடியில் 'சேமஅச்சு' ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று புறநானூற்றின் 102ஆம் பாட்டால் அறிகிறோம்; ஔவையார் அதை ஒரு வீரனுக்கு உவமையாக்கினார். ஸ்டெப்னி என்று நாம் இன்று சொல்வதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு சொல் இருந்திருக்கிறது. வழியில் வண்டி நிற்கும் என்பதை முன்கூட்டியே எண்ணி, அதற்கான பொருளை வண்டியோடு கொண்டுபோவது என்பது நமக்குப் புதிதன்று. நாம் விட்டுவிட்ட ஒன்று.

எதிர்வாதம் என்ன வரும் என்பது தெரியும். கயிறு இலவசம், கிரேனுக்கும் மீட்பு வண்டிக்கும் கூப்பிட்டால் பழுதுபார்க்கும் செலவைவிட அது அதிகமாகும், பழைய ஜீப்பை வைத்துப் பிழைக்கிறவரிடம் போய்ச் சட்டம் பேசுவது படித்தவர்களின் சொகுசு என்று நண்பர் ஒருவர் வன்மையாகவே சொன்னார். அவர் சொல்வதில் முதற்பாதி உண்மை. இரவு பதினோரு மணிக்கு முந்திரி மூட்டையோடு நிற்கிற வண்டிக்காரரிடம் கடலூரிலிருந்து மீட்பு வண்டியை வரவழையுங்கள் என்று சொல்லும் துணிவு நமக்கும் இல்லை.

பிற்பாதியை ஏற்கமாட்டோம். இரும்புக் கம்பி சொகுசுப் பொருளன்று. ஜீப்பு பிறந்தது போர்க்களத்தில். பழுதான ஜீப்பை முக்கோணக் கம்பியால் இழுத்துச் செல்வது படைகளுக்குப் பழைய வழக்கம். நல்ல கனத்தில் இரண்டு குழாய், முனையில் ஒரு வளையம், காலில் இரண்டு காது, நான்கு போல்ட். பண்ருட்டியிலும் நெல்லிக்குப்பத்திலும் டிராக்டர் டிரெய்லரையே செய்து கொடுக்கிற வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. அவர்களுக்கு இது பாதி நாள் வேலை. ஒவ்வொரு வண்டிக்காரரும் வாங்கவேண்டியதில்லை. பட்டறைக்கு ஒன்று இருந்தால் போதும். அல்லது சாலையோரத்துப் பட்டறைகள் நாலைந்து சேர்ந்து ஒன்று. கம்பியை பம்பரில் பூட்டாமல் சட்டகத்தில் பூட்டவேண்டும் என்பதும், கூடவே ஒரு சங்கிலி வேண்டும் என்பதும் வெல்டருக்கு நாம் சொல்லித்தரவேண்டிய செய்திகளல்ல. டிரெய்லரைக் கொக்கியில் மாட்டும்போது சங்கிலியும் போடுகிறவர்கள்தாம் அவர்கள். ஜீப்பைக் கண்டால் மட்டும் அவர்கள் கை கயிற்றைத் தேடுகிறது.

கம்பி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லவரவில்லை. பின்வண்டியில் உரிமமுள்ள ஒருவர் இருந்தே ஆகவேண்டும். வேகம் குறைவாகவே இருக்கவேண்டும். கம்பி, தொய்வையும் வெட்டையும் நடுவே ஆள் புகுவதையும் ஒழிக்கும். பின்வண்டி முன்வண்டியின் முதுகில் ஏறுவதைத் தடுக்கும். எடையை அது ஒழிக்காது. இழுக்கும் வண்டி இழுபடும் வண்டியைவிடக் கனமாக இருக்கவேண்டும் என்ற பழைய அறிவு அப்போதும் தேவை. ஜீப்பைக்கொண்டு லாரியை இழுக்கத் துணிபவர்களுக்கு எந்தக் கம்பியும் உதவாது.

கேரவன் பற்றி ஒரு சொல். தமிழில் அச்சொல் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டியோடு நின்றுபோயிற்று. அண்டை மாநிலமான கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை அறிவித்தது. இங்கும் அந்த ஆசை வளரும். பின்னால் ஒரு ஜீப்பைக் கட்டிக்கொள்ள முடியாதா என்று கேட்பவர்களும் வருவார்கள். அவர்கள் கேட்கும்போது சட்டம் பதில் சொல்லிக்கொள்ளும். அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கம்பியும் சங்கிலியும் பிரேக்கும் வாங்க அவர்களிடம் பணம் இருக்கும்.

கடைசியாக அந்தப் பலகை. 'ஆன் டோ' என்ற ஆங்கிலச் சொற்களை 75 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதியிருந்த பலகையை மேல்பட்டாம்பாக்கத்துச் சாலையில் நாம் ஒருமுறையும் கண்டதில்லை. எழுதியிருந்தாலும் பின்னால் மொபெட்டில் வருகிற கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு அது எதைச் சொல்லியிருக்கும்? தமிழில் எழுதலாமென்று முயன்றுபார்த்தோம். 'கட்டி இழுக்கப்படும் வண்டி' என்பது இலக்கணமாக இருக்கிறது. ஆனால் அந்த அளவு எழுத்தில் ஜீப்பின் பின்கதவுக்குள் அடங்காது. 'இழுவையில்' என்று ஒருவர் சொன்னார். நோயாளி இழுவையில் கிடப்பதுபோல இருக்கிறது என்று மற்றவர் மறுத்தார். நெல்லிக்குப்பத்துப் பட்டறை ஒன்றில் கேட்டோம். பெரியவர் தலை நிமிராமல், "வண்டி ஓடல, கட்டியிருக்கு. அவ்ளோதான, அப்பிடியே எழுதுங்க சார்" என்றார். 'கட்டியிருக்கு' என்பது ஏழெழுத்து. பின்கதவில் தாராளமாக அடங்கும்.